ஆவடிக்கும் எழும்பூருக்கும் இடையே

பிள்ளைகளின் உடம்புக்கு அரசு பலவற்றைச் செய்கிறது. மனதுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில் அது 13.5 சதவீதம், கிராமங்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் நிறைந்த நகரத்தில் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று இனியும் நாம் சொல்ல முடியாது.

சென்னையின் மேற்குப் புறத்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கான பெரிய அரசு மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது, மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கே 20 கிலோமீட்டருக்கு மேல். பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே என்பார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் இலவசம்தான், அருமையான திட்டம். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல் மிஷினில் உட்காரும் தாய்க்குச் செலவு டிக்கெட்டில் இல்லை. ஓ.பி. சீட்டுக்கு அவர் வரிசையில் நிற்கும் நாள் சம்பளமில்லாத நாள். பேசிப் பேசி ஆற்ற வேண்டிய சிக்கலுக்கு வாரக்கணக்கில் போக வேண்டும். மூன்றாவது லீவுக்குச் சூப்பர்வைசர் முகம் சுளித்ததும் சிகிச்சை நின்றுபோகிறது. பழி மட்டும் பெற்றோரின் அலட்சியத்தின்மேல் விழுகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவோ, குழந்தைகள் உட்பட யாரும் மனநல சிகிச்சைக்காக நெடுந்தூரம் போக நேரக்கூடாது, அது வசிப்பிடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. எனவே அருகிலேயே சிகிச்சை வேண்டும் என்பது சலுகை கேட்பதல்ல. ஆனால் நிர்வாகம் தூரத்தைப் பார்க்காமல் மாவட்டக் கணக்கில்தான் யோசிக்கிறது: 2018இல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்துக்குப் போனது, ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே நின்றன; அந்தத் தாய்க்கு வீடு ஒரு மாவட்டம், வேலை இன்னொரு மாவட்டம்.

பள்ளியில் பரிசோதனை நடக்கிறதே என்றும் கேட்கலாம். 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. இதயக் கோளாறு, பார்வைக் குறைவு, கற்றல் குறைபாடு இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பதில் அது செய்த நன்மை பெரிது. ஆனால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளோடு அது நின்றுவிடுகிறது. கடன் வாங்கியாவது சின்ன மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்த தொழிலாளியின் பிள்ளை கணக்கிலேயே வருவதில்லை. அரசுப் பள்ளியிலும், ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண்ணை, ஒரே நாளில் பள்ளி முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டிய டாக்டர் எப்படிக் கவனிப்பார்?

மனநல மருத்துவர்களே போதாதபோது ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எங்கே போவது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு பிகாரின் நாலந்தா மாவட்டத்தில் பதில் இருக்கிறது. அங்கே அரசுப் பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் பணியாற்றிய பள்ளிகளில் மனச்சோர்வும் ஒருவரையொருவர் சீண்டித் துன்புறுத்துவதும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர்களிடம் ஒப்படைத்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. ஆகவே வாத்தியார் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது வழியல்ல. நகர்ப்புறத்தில் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய விதி. 2011 கணக்கில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஆவடிக்கு அப்படி ஏழு நிலையங்கள். அவை ஒவ்வொன்றிலும் ஓர் ஆலோசகரை, ஷிப்ட் முடிந்து தாய் வரக்கூடிய மாலை நேரத்தில் உட்காரவைக்க வேண்டும். அவருக்கு வழிகாட்ட வாரம் ஒருமுறை மனநல மருத்துவர் வர வேண்டும். இந்த ஏழு பேரின் சம்பளத்தை ஆவடி மாநகராட்சி தன் அடுத்த பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.