ஸ்டிக்கரில் 450 வாட், உள்ளே?

புதிதாக கம்ப்யூட்டர் சேர்ப்பவர்கள் பிராசஸரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டுக்காக யூடியூபில் இரவெல்லாம் உட்காருகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ் மட்டும் கேபினெட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. "450 வாட் சார், தாராளமா போதும்" என்று கடைக்காரர் சொன்னதோடு பேச்சு முடிகிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் மின்சாரம் போவது இந்த ஒன்றின் வழியாகத்தான். மோசமான எஸ்.எம்.பி.எஸ் சாகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்கையும் கூடவே கொண்டுபோகலாம். டிஸ்க் போனால் அதிலிருக்கும் கல்யாணப் படங்களும் பிள்ளையின் புராஜெக்ட்டும் போய்விடும். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் கணக்கை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆம்பியர் கிடைக்கும் என்று போட்டிருக்கும். 12 வோல்ட்டுக்கு உரிய ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட். பெட்டியில் 450 என்று அச்சிட்டிருந்தாலும், இன்றைய கம்ப்யூட்டருக்கு அது உருப்படியாகத் தரக்கூடியது ஏறக்குறைய இவ்வளவுதான். மீதி வாட்டெல்லாம் அதிகம் பயன்படாத 3.3, 5 வோல்ட் பக்கம் முடங்கிக் கிடக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற பொது வரையறையைக் கொண்டுவந்தபோது, பிராசஸர்கள் 5, 3.3 வோல்ட்டைத்தான் நம்பியிருந்தன. பிராசஸரின் பசி கூடக்கூட அந்தக் குறைந்த வோல்ட்டில் ஆம்பியர் எகிறியது. கம்பியும் கனெக்டரும் சூடேறின. அதே வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பாதிக்கும் கீழே வந்துவிடும். 2000-இல் வந்த பென்டியம் 4-க்காகத் தனியே ஒரு 12 வோல்ட் கனெக்டர் சேர்ந்தது இப்படித்தான். இன்று பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. விலை மலிந்த பல யூனிட்டுகளின் உள்ளமைப்போ இன்னும் பழைய பங்கீட்டிலேயே நிற்கிறது. நல்ல 550 வாட் யூனிட்டில் 12 வோல்ட் பக்கம் மட்டும் 45 ஆம்பியர், அதாவது 540 வாட் கிடைக்கும்.

எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுவது எளிது. கோர் ஐ5-12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 200 வாட். மதர்போர்டு, விசிறிகள், டிஸ்க் எல்லாவற்றுக்கும் 50 வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 370. ஆனால் கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத துள்ளல்களில் தங்கள் அளவைப் போல இரு மடங்கு கேட்கக்கூடியவை. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதற்காகவே 100 மைக்ரோ விநாடிக்கு 200 சதவீதச் சுமையைத் தாங்கும் திறனை எதிர்பார்க்கிறது. இந்தக் கம்ப்யூட்டருக்கு 650 வாட் நிம்மதியான தேர்வு. 1000 வாட்டுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை.

அடுத்து எல்லோரும் பார்ப்பது 80 பிளஸ் முத்திரை. 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம் இது. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்கிறது. கம்ப்யூட்டர் 300 வாட் கேட்கிறது என்று வையுங்கள். 90 சதவீதத் திறனுள்ள யூனிட் சுவரிலிருந்து 333 வாட் எடுக்கும். 75 சதவீத யூனிட் 400 வாட் எடுக்கும். அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் அறைக்குள் வெப்பமாகக் கொட்டுகிறது.

முத்திரை சொல்வது இவ்வளவுதான். வெளியே வரும் மின்சாரம் எவ்வளவு சுத்தம், ஆபத்து நேரத்தில் யூனிட் தன்னை நிறுத்திக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. 2021-இல் ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் சோதனைச் சுமையில் வெடித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவை கோல்டு முத்திரை பெற்றவை. அதிகச் சுமையில் தானாக அணைய வேண்டிய பாதுகாப்பு 120 முதல் 150 சதவீதம் வரை காத்திருக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்து, பழைய யூனிட்டுகளை மாற்றித் தருவதாக நிறுவனமே அறிவித்தது.

இன்னொன்று: 80 பிளஸ் சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி வெப்பத்தில். நம்மூர் மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறக்குறைய பாதியாகும். ஆகவே முழு வாட்டும் எத்தனை டிகிரியில் கிடைக்கும் என்று பாருங்கள். 50 டிகிரி என்று போட்டிருந்தால் நல்லது, 40 பரவாயில்லை, எதுவுமே போடவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

சரி, கையில் இருப்பதைச் சோதிப்பது எப்படி? கடைகளில் செய்வது ஒரே சோதனை. 24 பின் கனெக்டரில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு குண்டூசிக் கம்பியால் இணைப்பார்கள். விசிறி சுற்றினால் "நல்லா இருக்கு". உண்மையில் அது சொல்வது, யூனிட் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும். சும்மா இருக்கும்போது ஏறக்குறைய எல்லா எஸ்.எம்.பி.எஸ்-ம் யோக்கியமாகத்தான் இருக்கும். குணம் தெரிய வேண்டுமானால் சுமை ஏற்ற வேண்டும்.

கம்ப்யூட்டரில் பொருத்திய நிலையிலேயே பிரைம்95, ஃபர்மார்க் போன்ற மென்பொருளை அரை மணி நேரம் ஓட விடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும், சிவப்பு முனையை 24 பின் கனெக்டரின் பின்புறமாக மஞ்சள் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். முனை நழுவிப் பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாமல் கவனம் தேவை. வரையறைப்படி 11.40 முதல் 12.60 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25. ஆனால் எல்லைக்குள் இருக்கிறதா என்பதைவிட, சும்மா இருந்தபோது காட்டிய எண்ணுக்கும் சுமையில் காட்டும் எண்ணுக்கும் உள்ள இறக்கத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 12.1 என்பது 12.0 ஆனால் கவலையில்லை. 12.2-இலிருந்து 11.5-க்கு விழுந்தால், விதிப்படி தேறினாலும் அந்த யூனிட் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். மென்பொருள் திரையில் காட்டும் வோல்ட்டை நம்ப வேண்டாம். மதர்போர்டின் உணரிகள் அவ்வளவு துல்லியமானவை அல்ல.

மல்டிமீட்டருக்குப் புலப்படாத ஒன்றும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ் என்பது 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்கி, அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, மறுபடி சமன்செய்யும் கருவி. சமன்செய்த பிறகும் மிஞ்சி நிற்கும் சிற்றலை 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். வீட்டில் அது இருக்காது. அதனால்தான் முறையாகச் சுமையேற்றி, சிற்றலையை அளந்து எழுதப்பட்ட விமர்சனம் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. கரண்ட் போன நொடியில் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கி, மோட்டார் நின்ற பின்னும் குழாயில் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டிபோல, கம்ப்யூட்டரைச் சற்று நேரம் தாங்கும். எதிர்பார்ப்பு சுமார் 17 மில்லி விநாடி. வீட்டு இன்வெர்ட்டர் அதைவிடத் தாமதமாக மாறினால் கம்ப்யூட்டர் அணைந்து எழும். பழியை எஸ்.எம்.பி.எஸ் மீது போடுவதற்கு முன் இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலைக்கான சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதேபோல வீண்பழி ஏற்பது, கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும் விஷயம். எஸ்.எம்.பி.எஸ்-இன் நுழைவாயில் வடிகட்டியில், ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு இரண்டு சிறு மின்தேக்கிகள் போகும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் கூடு 230-இல் பாதியாக, 115 வோல்ட் அருகே மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதுதான். ஆனால் நாளை உள்ளே இன்சுலேஷன் பழுதானால் முழு மின்சாரமும் போக உங்கள் உடம்பைத் தவிர வேறு வழி இருக்காது. எஸ்.எம்.பி.எஸ்-ஐ மாற்றினால் இது தீராது. எலக்ட்ரீஷியனை அழைத்து மூன்றாம் துளையில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

யூனிட்டை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். கழற்றிப் பூட்டும் கேபிள்கள் கொண்ட மாடுலர் வகையாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: யூனிட் பக்கத்து பின் அமைப்புக்குப் பொது வரையறை கிடையாது. வேறொரு மாடலின் கேபிள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து ஹார்டு டிஸ்கை எரித்துவிடலாம். புது எஸ்.எம்.பி.எஸ் மாட்டும்போது, சோம்பல் பாராமல் பழைய கேபிள்களை முழுவதுமாக உருவியெடுத்து, பழைய யூனிட்டோடேயே கட்டி வைத்துவிடுங்கள்.