அரிவாளுக்கு ஏற்ற எஃகும் பிடிக்கு ஏற்ற மரமும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்று கேட்பார்கள். கொல்லுப்பட்டறையில் பிறக்காத ஒரு வேதியியல் மாணவன் அரிவாளைப் பற்றி எழுதப் புகுவதும் ஏறக்குறைய அப்படித்தான். ஆயினும் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்; ஆனால் அரிவாள் பிடிக்காத ஆள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. நம் கல்லூரி நண்பர்கள் பலருக்கும் இதே நிலைதான். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத் தட்டை அறுக்கவும், அரியலூர்ப் பக்கம் முந்திரிக் கிளை கழிக்கவும், கரும்பு வெட்டவும், ஆட்டுக்குத் தழை போடவும் கையில் எடுப்பது அரிவாளைத்தான். கூலி வேலைக்குச் செல்பவர் தம் அரிவாளைத் தம் பணத்திலேயே வாங்குகிறார். வாய் மழுங்கினால் அன்றைய வேலை குறையும். பிடி கழன்றால் விரல் போகும். ஆகவே அரிவாள் எந்த எஃகில் அடித்தது, அதன் பிடி எந்த மரம் என்பவை கூலியையும் கையையும் பற்றிய கேள்விகளாகும். அவற்றுக்கு நம் வகுப்பறை என்ன விடை தருகிறது என்று காண்போம்.

இரும்பும் எஃகும்

தூய இரும்பு மென்மையானது. அதில் சிறிதளவு கார்பன் சேரும்போது அது எஃகாகிறது. எவ்வளவு கார்பன் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கட்டடக் கம்பியில் கார்பன் சுமார் 0.25 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 வரை, ரயில் தண்டவாளத்தில் 0.6 முதல் 0.8 வரை, நல்ல அரத்தில் 1 விழுக்காட்டுக்கும் மேல். 2 விழுக்காட்டைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. சம்மட்டி அடியில் நீளாமல் உடைந்துபோகும்.

கார்பன் கூடினால் கடினம் கூடும்; வாய் நெடுநேரம் கூர்மை காக்கும். ஆனால் அதே அளவுக்கு முறியாத் திறன் குறையும். இவ்விரண்டும் தராசின் இரு தட்டுகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். சவரக்கத்திக்கு வேண்டியது கடினம். எலும்பையும் கட்டையையும் வெட்டும் கொடுவாளுக்கு வேண்டியது முறியாமை. எனவே சிறந்த எஃகு என்று ஒன்று கிடையாது. வேலைக்கு ஏற்ற எஃகு என்பதே உண்டு. இக்கட்டுரையின் சாரம் இந்த ஒரு வரிதான்.

பட்டறைக்கு வரும் எஃகு

நம் ஊர்ப் பட்டறைகள் புது எஃகை எடைக்கு வாங்குவது அரிது. பழைய இரும்புக் கடையே அவற்றின் சுரங்கம். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகள் இரவு பகலாக ஓடும் அரியலூர் வட்டாரத்தில் தேய்ந்த ஸ்பிரிங் பட்டைக்குப் பஞ்சமில்லை. அந்தப் பட்டையில் நடுத்தரக் கார்பனோடு சிலிக்கானும் மாங்கனீசும், அல்லது குரோமியமும் கலந்திருக்கும். வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட எஃகு அது. ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு அதைவிடப் பொருத்தமானது மலிவில் கிடைக்காது. ஒரு குறை உண்டு. ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஒளிந்திருக்கலாம். அவை அரிவாளாகி வெட்டும்போதுதான் வெளிப்படும்.

சிறிய காய்கறிக் கத்திக்குப் பழைய அரமும் ரம்பத் தகடும் நல்லவை. கட்டடக் கம்பியில் அடித்த கத்தி பார்வைக்குப் பளபளக்கும். எவ்வளவு சாணை பிடித்தாலும் அரைநாளில் மழுங்கிவிடும். குற்றம் சாணைக்கல்லில் இல்லை, கம்பியில் கார்பன் இல்லாமைதான். துத்தநாகப் பூச்சுள்ள குழாயையோ தகட்டையோ உலையில் இடவே கூடாது. அதன் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும்.

எவர்சில்வர் டம்ளரை ஏன் கத்தியாக்க முடியாது என்று நண்பர் ஒருவர் கேட்டார். டம்ளர் எஃகில் பொதுவாக 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாகாது. கடையில் விற்கும் துருப்பிடிக்காத கத்தியின் எஃகு வேறு. அதில் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியமும் தேவையான கார்பனும் இருக்கும். காந்தத்தைக் காட்டினால் டம்ளர் பெரும்பாலும் ஒட்டாது, கத்தி ஒட்டும்.

ஆய்வுக்கூடம் இல்லாமல் எஃகை அறிய இரு வழிகள் உள்ளன. சுழலும் சாணைச் சக்கரத்தில் பிடித்தால் கார்பன் குறைந்த இரும்பு நீண்ட கோடுகளாகப் பொறி சிந்தும். கார்பன் மிகுந்தது மத்தாப்பூப் போலக் கிளைவிட்டுச் சிதறும். அல்லது ஒரு சிறு துண்டைச் செஞ்சூடாக்கி நீரில் அமிழ்த்திச் சம்மட்டியால் தட்ட வேண்டும். வளைந்தால் அது கத்திக்கு ஆகாது. பட்டென்று ஒடிந்தால் கடினமாகும் எஃகு.

நெருப்பும் நிறமும்

எஃகு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. தோய்ச்சலும் சரியாக அமைய வேண்டும். 727 டிகிரி செல்சியசுக்கு மேல் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறத் தொடங்குகிறது. ஆஸ்டினைட் எனப்படும் அப்புதிய அடுக்கு கார்பனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும். மெல்ல ஆறவிட்டால் அந்தக் கார்பன் பிரிந்து வெளியேறும். சட்டெனக் குளிர்வித்தால் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். அப்படி உண்டாகும் மார்ட்டென்சைட் மிகக் கடினமானது. கண்ணாடி போல நொறுங்கக்கூடியதும்கூட. சூடு போதுமா என்றறியக் காந்தம் உதவும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்த ஈர்ப்பை இழக்கிறது. அதற்குச் சற்று மேலே சென்றதும் தோய்க்கலாம். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்ப்பது நலம். நீரின் வேகத்தில் அது கீறிவிடக்கூடும்.

பட்டறை ஏன் வெளிச்சம் குறைந்த கொட்டகையில் இருக்கிறது என்பதற்கும் இங்கே விடை கிடைக்கிறது. நெருப்பின் நிறமே கொல்லருக்கு வெப்பமானி. நண்பகல் வெயிலில் செஞ்சூடு கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து நொறுங்கும் குணத்தைத் தணிக்க வேண்டும். வாயை மட்டும் தோய்த்து, முதுகில் சூடு மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்துச் செங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். முதுகின் சூடு வாயை நோக்கி நகர, நிறங்களும் நகர்கின்றன: வெளிர் வைக்கோல் நிறம் சுமார் 225 டிகிரி, பழுப்பு 255, கத்தரிப்பூ நிறம் 280, நீலம் 300. இவை எஃகின் மேல் வளரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறங்கள். நீரில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இதே ஒளிக் குறுக்கீட்டால்தான். காய்கறிக் கத்திக்கு வைக்கோல் நிறம், வெட்டரிவாளுக்குக் கத்தரிப்பூ அல்லது நீலம் வந்ததும் மீண்டும் அமிழ்த்தி நிறுத்திவிட வேண்டும். கால அட்டவணையும் கருவியும் இன்றி, கண் ஒன்றையே நம்பிச் செய்யும் வேலை இது.

பிடி

பிடிக்கு வேண்டிய குணங்கள் மூன்று: அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், வியர்வையில் வழுக்கக் கூடாது, வெயிலிலும் மழையிலும் வெடிக்கக் கூடாது. நம் பக்கத்தில் கருவேலம் இம்மூன்றுக்கும் ஏற்றது. பூவரசும் நல்ல இழுவையுள்ள மரம். விவசாயிகள் வெறுக்கும் சீமைக்கருவேலம்கூடப் பிடிக்கு நல்லதே. கெட்டியான மரம், காய்ந்தபின் அதிகம் சுருங்குவதில்லை. புளியில் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். வெளிமரத்தைப் பூச்சி அரிக்கும். முருங்கையும் இலவமும் ஆகா.

மரத்தின் பெயரைவிட அது காய்ந்த விதமே முக்கியம். மரம் காயும்போது நார் வாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. குறுக்கு வாக்கில் நன்றாகச் சுருங்குகிறது. பச்சை மரத்தில் போட்ட பிடி சில மாதங்களில் வெடிப்பதும் பூண் கழல்வதும் இதனால்தான். நார் பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஓங்கிய வேகத்தில் பிளக்கும். இன்னொன்று, கருவேலத்தில் டானின் மிகுதி. தோல் பதனிட அதன் பட்டையைப் பயன்படுத்துவது அதனால்தான். ஈரமான கருவேலத்தில் இரும்பைச் செருகினால் டானினும் இரும்பும் கூடிக் கருநிறச் சேர்மம் உண்டாகி, பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதி அரிக்கப்படும். மரம் நன்கு உலர்ந்திருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

பிடிக்கு எண்ணெய் இடுவதிலும் வேதியியல் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து படலமாக இறுகும். விளக்கெண்ணெய் அப்படி உலராது; பிசுபிசுப்பாகவே நின்று கை வழுக்கும்.

இப்போது இரும்புக் குழாயையே பிடியாகப் பற்றவைத்த அரிவாள்களும் வருகின்றன. அவை கழல்வதில்லை, ஆனால் ஒவ்வொரு வெட்டின் அதிர்வும் மணிக்கட்டில் இறங்கும். பிளாஸ்டிக் பிடி சமையலறைக்குச் சுத்தமானது, வயல் வேலைக்கு வழுக்கும். மான்கொம்புப் பிடி அழகுதான். ஆனால் மான்கொம்பு வியாபாரம் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நம் மண்ணின் எஃகு

எஃகு நமக்குப் புதிதன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. தென்னிந்தியாவில் மண்குகைகளில் இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சிகளையும் எருக்கிலைகளையும் இட்டு மூடி, கரி நெருப்பில் உருக்கிய முறையை 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் விவரித்திருக்கிறார். குச்சியும் இலையும் கரிந்து இரும்புக்குக் கார்பனைத் தந்தன. நம் சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான்.

ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றழைத்த இந்த எஃகை 1819இல் இலண்டனில் பகுத்தாராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்பவரோடு சேர்ந்து அவர் எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். இயற்பியல் பாடத்தில் நாம் தலைவணங்கும் அந்த ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். உலைக்களத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையிலுள்ள தூரம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

வாங்குவோருக்குச் சில சொற்கள்

அரிவாள் வாங்கும்போது முதலில் எந்த வேலைக்கு என்று கொல்லரிடம் சொல்லுங்கள். என்ன இரும்பு என்று கேளுங்கள். வாயில் அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள்: அரம் சுலபமாகக் கடித்தால் தோய்ச்சல் போதாது, சற்றும் கடிக்காமல் கண்ணாடிபோல் வழுக்கினால் வெட்டரிவாளின் வாய் உதிரும். விரலால் சுண்டினால் கணீரென்ற ஓசை வர வேண்டும். கரகரத்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம். பிடியின் நாரையும் பூணையும் பாருங்கள்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போனது. நம் ஊர்களில் பட்டறைகள் குறைந்துவருகின்றன. கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நாமும் வயலை விட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம். ஆனால் நிறத்தைப் பார்த்து வெப்பநிலை சொல்லும் அந்தக் கண்கள் மூடிவிட்டால், அவை அறிந்ததை எந்த நூலிலும் தேடிப் பெற முடியாது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு நாளைப் பட்டறையில் கழித்து, எந்த இரும்புக்கு என்ன தோய்ச்சல், எந்த வேலைக்கு என்ன நிறம் என்று கேட்டுக் குறித்து வந்தால், நம் துறை ஆசிரியர்களின் துணையோடு அவற்றை இங்கே சோதித்துப் பார்க்கலாம். எழுதத் தெரிந்த முதல் தலைமுறை நாம். எழுதிவைக்க வேண்டிய கடமையும் நம்முடையதே.