சிவப்புத் திராட்சைத் தோட்டம்

ஓவியத்தில் வண்ணம் என்பது கண்டதைக் கண்டவாறே காட்டுவதற்கு மட்டும் உரியதன்று. ஹாலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான் கோ 1888 நவம்பரில் தீட்டிய ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ என்னும் படத்தை நாம் சற்று உற்று நோக்குவோம்.

பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஆர்ல் நகருக்கு அருகே, மழை ஓய்ந்த ஒரு மாலையில் தாம் கண்ட தோட்டத்தை அவர் பின்னர் நினைவிலிருந்து தீட்டினார். இலையுதிர் காலமாதலால் திராட்சை இலைகள் செந்நிறம் பூண்டுள்ளன. (உதிருமுன் ரப்பர் இலை சிவப்பதை நம் பிள்ளைகள் அறிவர்.) ஆயினும் படத்திலுள்ள சிவப்பு அதனினும் மிகுதி, கொடிகள் தீப்பற்றியவைபோல் தோன்றுகின்றன. வானமோ மஞ்சள். வலப்புறம் ஆறுபோல் மின்னுவது ஆறன்று. ஈரத்தில் கதிரொளி படிந்த பாதையே அது. மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. ஆகவே நனைந்த மண்ணில் ஊதாவை இட்டார். இரண்டும் அருகருகே நிற்கையில் ஒன்றையொன்று ஒளிரச் செய்யும்.

சிவப்பினிடையே, நீல உடையில் குனிந்து பழம் பறிக்கும் பெண்களைக் காண்கிறோம். முகங்கள் தெளிவாக இல்லை. வளைந்த முதுகுகளே பேசுகின்றன. கதிரவன் சாயும் வேளையிலும் வேலை ஓயவில்லை. எனவே அச்சிவப்பை வெறும் அழகென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உழைப்பின் வெப்பமும் அதில் உண்டு என்பதே நம் கருத்து.

1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட இதனை ஆன்னா போக் என்னும் பெல்ஜிய நாட்டுப் பெண் ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார். அவ்வாண்டு ஜூலையில் வான் கோ மறைந்தார். படம் இன்று மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்திற்கு உரியது.