பேட்டரிக்கு நாடி பார்க்கும் ஒளியிழை



2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. முத்துப்பேட்டையில் கரண்ட் இல்லை. எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட். "ஃபுல்லாத்தான் காட்டுது, கவலைப்படாதே" என்றார் அப்பா. லைட்டைப் போட்டோம், அரை மணியில் இருட்டு! பள்ளி மாணவனான எனக்கு அன்று புரியாத காரணம் டிப்ளமோவுக்கு வந்த பிறகே புரிந்தது. லோடு இல்லாதபோது வோல்டேஜ் பேட்டரியின் முகம்தான், உடல்நிலை அல்ல.

உடல்நிலையை உள்ளேயிருந்து சொல்ல வல்லது ஒளியிழை. லெட்-ஆசிட் பேட்டரியில் சார்ஜ் இறங்கினால் ஆசிட்டின் ஒப்படர்த்தி சுமார் 1.28-லிருந்து 1.12 வரை குறையும். இழையின் மேலுறையைச் சிறிது நீக்கி, வளைத்து, ஆசிட்டில் மூழ்க வைத்தால், அடர்த்திக்கேற்பக் கசியும் ஒளி மாறும். அதை அளந்தால் சார்ஜ் தெரியும்.

லித்தியம் செல்லில் வேறு முறை. இழைக்குள் 'பிராக் கிரேட்டிங்' எனும் நுண்வரிகளைப் பதிப்பார்கள். அவை ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். 1550 நானோமீட்டர் ஒளியில், ஒரு டிகிரி சூடு ஏறினால் அது சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் வீங்கி இழையை இழுத்தாலும் நகரும். இரண்டையும் பிரித்தறிய, இழுபடாத இன்னொரு இழை வேண்டும். வீக்கத்தை நாளடைவில் ஒப்பிட்டால் செல்லின் முதுமை தெரியும். இழை கண்ணாடி என்பதால் ஷார்ட் ஆகாது. 2020-ல் பிரான்ஸில் தாராஸ்கோன் குழுவினர் 18650 செல்லுக்குள்ளேயே இதை வைத்து அளந்து காட்டினர்.

அலைநீளம் படிக்கும் கருவி விலை அதிகம். அது வீட்டுக்கு வரும்வரை, மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். புயல் மாதத்துக்கு முன்பே லோடு கொடுத்துப் பாருங்கள்!