தாராவிக்குள் நடக்கும் முன் ரசீதைக் கேளுங்கள்

மும்பை போகிறவர்கள் கேட்வேயைப் பார்த்த கையோடு தாராவிக்கும் ‘நடைச் சுற்றுலா’ போகிறார்கள். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போன நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. அங்கே பல வருடங்களாகச் சுற்றுலா நடத்தும் ரியாலிட்டி டூர்ஸ், படமெடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. லாபத்தில் 80 விழுக்காடு சமூகப் பணிக்கு என்றும் அறிவித்திருக்கிறது. பின்னால் முளைத்த சிலர் அந்த வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சுற்றுலா போகிறவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறார்கள். வழிகாட்டி வருவதில்லை; வந்தாலும் பாதி நேரம் தோல்பை கடையில் கழிகிறது. ஊர் திரும்பி இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுவதோடு கோபம் தீர்ந்துவிடுகிறது. “இதுக்காக மும்பைக்கு அலைய முடியுமா?” என்கிறார்கள்.

அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் நடத்துபவருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, அதன் நகலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு பணம் போன விவரம், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து, நேரிலோ இ-ஜாக்ரிதி தளத்திலோ தாக்கல் செய்யுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கியதும் வழக்கு போட்டாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சமரசத்துக்கானது, தீர்ப்பு சொல்லாது. அதை நம்பி உட்கார்ந்திருந்தால் 2 ஆண்டுக் காலவரம்பு ஓடிவிடும். ஆளே பொய், பணம் மோசடி என்று தெரிந்தால் அன்றே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பணம் கைமாறியிருக்கும். திரும்பவும் சொல்கிறேன்: நிறுவனத்தின் பெயரும் முகவரியும் உள்ள ரசீது வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். முகவரி இல்லாதவருக்கு ஆணையம் எங்கே நோட்டீஸ் அனுப்பும்?

தாராவியில் குடியிருப்பவர்களுக்கும் உரிமை உண்டு. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. வாசல் திறந்திருப்பதால் வீடு காட்சிப்பொருள் ஆகிவிடாது. ஒரு பெண் குளிப்பதையோ உடை மாற்றுவதையோ அவளுக்குத் தெரியாமல் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. படம் இணையத்தில் வந்திருந்தால், நீக்கச் சொல்லும் முன் இணைப்பையும் தேதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழிந்த பிறகு ஆதாரம் தேட முடியாது. காவல் நிலையத்தில் “எங்க எல்லை இல்லை” என்று விரட்டினால் நகராதீர்கள். எந்த நிலையத்திலும் எல்லை பார்க்காமல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்தாக வேண்டும்; அதன் நகலை இலவசமாகக் கையில் கொடுத்தாகவும் வேண்டும்.