சென்னைக்கு வந்த ஜாஸும் பழனியார் மிருதங்கமும்

அயல் நாட்டிலிருந்து ஒரு பெரிய பட்டணத்துக்கு வரும் சங்கீத வித்வானுக்கு அந்தப் பட்டணம் முதலில் காட்டுவது மாலையும் மேடையும் விருந்தும்தான். உள்ளூர் வித்வான்கள் தங்களுக்குள் எப்படி வாசிக்கிறார்கள், ரஸிகர்கள் எதைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள், எதைக் கேட்டு வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதெல்லாம் வந்தவருடைய குணத்தையும் அவருக்கு வாய்க்கும் சகவாசத்தையும் பொறுத்தே தெரியவரும். 1958-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு வந்த அமெரிக்கப் பியானோக் கலைஞர் டேவ் ப்ரூபெக்குக்கு அத்தகைய சகவாசம் வாய்த்தது. வாய்க்கச் செய்தவர் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

ஜாஸ் என்றால் ஹோட்டல் நடனக் கூடத்தில் கேட்கும் ஆரவாரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவின் தென்பகுதியில், முக்கியமாக நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சந்ததியாரிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இந்தச் சங்கீதத்தில், ஒரு மெட்டும் அதற்கு அடியில் ஓடும் ஸ்வரக்கூட்டுகளின் வரிசையும் பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு அளவைகளில் நிர்ணயிக்கப்பட்டு, அந்த வட்டம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டேயிருக்க, வாசிப்பவர் தம் கற்பனையை அதன்மேல் அப்போதைக்கப்போது கட்டிக்கொண்டு போவார். ஆவர்த்தனம் தவறாமல் கல்பனாஸ்வரம் பாடக் கேட்டுப் பழகிய நமக்கு இது முற்றிலும் அந்நியமான விஷயமன்று.

ப்ரூபெக் 1920-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தகப்பனார் மாட்டுப் பண்ணை நடத்தியவர். சிறுவயதில் பண்ணையில் குதிரைமேல் போகும்போது குளம்படி ஒரு கணக்காகவும், தண்ணீர் இறைக்கும் எஞ்சின் வேறொரு கணக்காகவும் ஒலிக்க, அவ்விரண்டுக்கும் எதிராக மூன்றாவது ஒரு லயத்தை மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொள்வாராம். அவருடைய கோஷ்டியில் சாக்ஸபோன் வாசித்தவர் பால் டெஸ்மண்ட். டிரம்ஸ் வாசித்தவர் ஜோ மொரெல்லோ. பெரிய பாஸ் வாத்தியத்தைக் கையாண்டவர் யூஜீன் ரைட். மொரெல்லோ பிறவியிலிருந்தே கண்பார்வை மிகக் குன்றியவர். பாலப் பருவத்தில் வயலினில் பெயரெடுத்து, வயலின் மேதை ஹைஃபெட்ஸின் வாசிப்பைக் கேட்டபின் அந்த எட்டாத உயரத்தை எண்ணி வயலினை வைத்துவிட்டு டிரம்ஸுக்கு வந்தவர் என்பது அவர் சரித்திரத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி.

இவர்களை அனுப்பியது அமெரிக்க ராஜாங்கத்தின் வெளிநாட்டு இலாகா. ரஷ்யாவோடு நடந்துகொண்டிருந்த பனிப்போரில் ஜாஸையும் ஒரு தூதாக உபயோகிக்கலாம் என்ற யோசனையின் பேரில், போலந்து, துருக்கி, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, ஆப்கானிஸ்தானம், ஈரான், இராக் என்று நீண்டதொரு யாத்திரை ஏற்பாடாயிற்று. தூதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. யூஜீன் ரைட் கறுப்பினத்தவர். வெள்ளையரோடு சமமாக அவர் மேடையில் நிற்பதை உலகத்துக்குக் காட்டி மகிழ்ந்த அதே தேசத்தில், இரண்டு ஆண்டுகள் கழித்து, ரைட்டை விலக்கினாலன்றி வாசிக்க இடம் தரமாட்டோம் என்று தென்மாநிலக் கல்லூரிகள் பல பிடிவாதம் பிடிக்க, ப்ரூபெக் அந்தக் கச்சேரிகளை இழந்தாரேயொழிய ரைட்டை விடவில்லை.

ஜாஸ்காரர்கள் இந்தியாவுக்கு வந்தது அப்போதுதான் முதல் தடவை என்றும் சொல்லிவிட முடியாது. 1935-லேயே லியோன் அபே என்பவர் தம் கோஷ்டியுடன் பம்பாய் தாஜ் மகால் ஹோட்டலில் வாசித்தார். சிகாகோவிலிருந்து ஷாங்காய், பம்பாய் என்று சுற்றிய பியானோ வித்வான் டெடி வெதர்ஃபோர்டு கல்கத்தாவில் தங்கி, 1945-இல் அங்கேயே காலராவில் காலமானார். அவர்கள் விட்டுச்சென்ற வித்தையைக் கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் பற்றிக்கொண்டு சினிமாவுக்குள் கொண்டுசேர்த்தார்கள். கோடம்பாக்கத்துப் பாட்டுகளில் திடீரென்று ஒரு டிரம்பெட் எட்டிப் பார்க்கிறதே, அதன் பூர்வோத்தரம் இதுதான். ஆனால் அந்த வித்வான்களெல்லாம் ஹோட்டல் கூடத்தோடு நின்றார்கள். சபாக்கதவைத் தட்டியவர்கள் அரிது.

நாயுடுபேட்டையில் வாழ்கிற எங்களுக்கு, பட்டணம் என்றால் இன்றைக்கும் சென்னைதான். ஸ்வர்ணமுகி நதிக்கரையில், சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் இருப்புப்பாதையில், சென்னைக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரத்தில் இருக்கும் இந்த ஊரில், வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாகப் பேசிக்கொண்டு, சங்கீதத்துக்கு மட்டும் தெற்கே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். தெலுங்கில் ஒரு வார்த்தை பேசத் தெரியாத தஞ்சாவூர்க்காரர் தியாகராஜ கீர்த்தனையை உருகிப் பாடுவதையும், தமிழ் அறியாத எங்கள் ஊர்க்காரர் அதைக் கேட்டுக் கண்ணீர் உகுப்பதையும் பார்த்துப் பார்த்து, பாஷை அறியாதவனுக்கும் சங்கீதத்தில் ஒரு வாசல் உண்டு என்பது எங்களுக்கு விளக்கம் தேவையில்லாத சங்கதியாகிவிட்டது. எந்த வாசல் என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது.

ப்ரூபெக்குக்கு ராகத்தின் வாசல் அடைபட்டிருந்தது. அது அவருடைய குறையன்று, அவர் வாத்தியத்தின் குறை. பியானோவின் கட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்வரத்தில் நிற்பவை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லவோ, இரண்டுக்கும் நடுவே ஊசலாடவோ அவற்றால் ஆகாது. அந்த வழுக்கலும் அசைவுமாகிய கமகம் இல்லாத தோடி ராகத்தை நம்மவர் தோடியென்று ஒப்புவதில்லை. இந்தக் காரணத்தை முன்னிட்டுத்தான், அகில இந்திய வானொலியில் 1940 முதல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டு வைத்திருந்தார்கள். 1970-களில்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தையே உள்ளே விடாத காலத்தில் பியானோவோடு ஒருவர் வந்து நம்முடைய வித்வான்களோடு சம்பாஷிக்க வேண்டுமென்றால் எதைக் கொண்டு சம்பாஷிப்பது? அவர் பக்கத்து ஐசுவரியமான ஸ்வரக்கூட்டு நம்மிடம் இல்லை. நம் பக்கத்து ஐசுவரியமான கமகம் அவரிடம் இல்லை. மிச்சமிருந்தது லயம் ஒன்றே.

லயத்துக்குச் சென்னையில் அன்றைக்குப் பழனியாரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். 1908-இல் பிறந்த அவர், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் பரம்பரையில் தம் தகப்பனார் முத்தையா பிள்ளையிடமே பாடம் கேட்டவர். இடக்கையர். மிருதங்கத்தில் வலந்தலை என்னும் முகம் சபையைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது வழக்கமாதலால், வலக்கையால் வாசிப்பவர்கள் பாடகருக்கு வலப்புறத்திலும் வயலின்காரர் இடப்புறத்திலும் அமர்வார்கள். இடக்கையர் வந்தால் இருவரும் இடம் மாறவேண்டும். இது வெறும் இடப்பிரச்னைதானே என்று நினைக்கலாம். ஆனால் மேடை மரியாதைகளில் ஊறிய அக்காலத்தில் இந்த ஒரு காரணத்தினாலேயே அவருக்குக் கச்சேரிகள் தட்டிப்போயின. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் இடத்தை மாற்றி உட்கார வைத்து அவரை மேலே கொண்டுவந்தார்.

மிருதங்கத்தின் இரண்டு முகங்களும் இரண்டு சுபாவமுள்ளவை. வலந்தலையில் நடுவே கருமையான சோறு பதித்திருக்கும். தோல்வாரில் செருகிய முளைகளைத் தட்டியும், விளிம்பைக் கல்லால் தட்டியும் அதைப் பாடகரின் ஆதார ஸ்ருதியில் நிறுத்துவார்கள். தொப்பி என்னும் மறுமுகத்தில் கச்சேரிக்குச் சற்று முன் ரவையை நீரில் பிசைந்து அப்புவார்கள்; அந்த ஈரப் பசை இருந்தால்தான் அதன் ஒலி ஆழத்துக்கு இறங்கும்; கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்தத் தொப்பியை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்த்து, உறுமிக்கொண்டு மேலேறும் ‘கும்கி’யை எழுப்புவதில் பழனியாருக்கு இணையில்லை என்று அவரைக் கேட்டவர்கள் சொல்வார்கள். அமெரிக்க டிரம்ஸிலோ ஆதார ஸ்ருதி என்ற பேச்சே கிடையாது. பல முழவுகளையும் தாம்பாளம் போன்ற தகடுகளையும் எதிரே பரப்பி, இரண்டு கைகளில் குச்சிகளும் இரண்டு கால்களில் மிதிகளுமாக நான்கு அங்கங்களால் வாசிப்பது அது.

இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவிலும் இரு தரப்பாருக்கும் பொதுவான ஒரு பழக்கம் இருந்தது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கமும் கஞ்சிராவும், அல்லது கடமும், முதலில் ஆளுக்கு முழு ஆவர்த்தனமாக வாசித்து, பிறகு பாதி, கால் என்று பங்கைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மோஹராவில் சேர்ந்து கோர்வையில் முடிக்கும் ‘குறைப்பு’ என்ற அங்கம் உண்டு. ஜாஸிலும் ஒருவர் நான்கு அளவைகள் வாசித்து நிறுத்த, மற்றவர் நான்கு அளவைகளில் பதில் சொல்லும் வழக்கம் உண்டு. ஒருவர் சொல்ல ஒருவர் பதில் சொல்லும் இந்தச் சம்வாத முறைதான் பழனியாரும் ப்ரூபெக் கோஷ்டியாரும் சேர்ந்து வாசித்தபோது இருவருக்கும் நடுவே பாலமாக இருந்திருக்க முடியும். ஆனால் அதில் நம்மவருக்கு ஒரு அனுகூலம் உண்டு: நான்கின் கணக்கிலேயே அக்கால ஜாஸ் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்க, திஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று மூன்றிலும் ஐந்திலும் ஏழிலும் ஒன்பதிலும் நடையை மாற்றிக்கொண்டு, எங்கே போனாலும் சமத்தில் வந்து இறங்குவது பழனியாருக்குக் குருகுலத்துப் பாலபாடம். பம்பாயில் சிதார் வித்வான் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானுடன் கலந்து வாசித்த ப்ரூபெக்குக்கு, தெற்கே இந்தக் கணக்கு வழக்கு இன்னும் கூர்மையாக இருப்பது புலப்படாமல் போயிராது.

யாத்திரையின் பலனாக அதே 1958-இல் ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’ என்ற இசைத்தட்டு வந்தது. அதில் ‘கல்கத்தா ப்ளூஸ்’ என்றொரு உருப்படி இருக்கிறது. மொரெல்லோ அதில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் வாசிக்கிறார். பியானோவின் தாழ்ந்த ஸ்வரம் தம்பூராவைப்போல் ஒரே இடத்தில் நிற்கப் பார்க்கிறது. பெயர் என்னவோ கல்கத்தாவுக்குப் போய்விட்டது. விரல் வாசிப்பின் ருசியில் சென்னைக்கும் பங்கு உண்டென்று நான் நினைக்கிறேன். அடுத்த ஆண்டில் ‘டைம் அவுட்’ வந்தது. அதில் ஒன்பது எண்ணிக்கையில் ஓடும் ‘ப்ளூ ரோண்டோ’வுக்கு வித்து, இரண்டு இரண்டு இரண்டு மூன்று என்று துருக்கி நாட்டுத் தெருப் பாடகர்கள் போட்ட கணக்கு. ஐந்தெண்ணிக்கையில் அமைந்து உலகமெங்கும் விற்ற ‘டேக் ஃபைவ்’ டெஸ்மண்டின் சிருஷ்டி. நமது கண்ட சாபுவைக் கேட்டுத்தான் அது பிறந்தது என்று தேசாபிமானத்தினால் யாராவது சொன்னால் நம்பவேண்டியதில்லை; கண்ட சாபுவில் ஊறிய காதுக்கு அது உடனே பிடித்துப்போகும், அவ்வளவுதான்.

பழனியார் 1962-இல் காலமானார். இன்னும் சில வருஷங்கள் இருந்திருந்தால், தம்முடைய மாணாக்கர்கள் மூலம் தம் வித்தை கடல் கடந்ததை அவரே கண்டிருப்பார். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரரும் பழனியாரின் சீடருமான டி. ரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார்; மற்றொரு சீடர் திருச்சி சங்கரன் 1971-இலிருந்து கனடாவில் டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அதே வெஸ்லியனில் படித்துத்தான் அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ ஆனார். அங்கேதான் கித்தார் வித்வான் ஜான் மக்லாஃப்லின் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, பிறகு எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் ஹுசேன் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு ‘சக்தி’ கோஷ்டியை அமைத்தார். 1963-இல் இந்தியாவுக்கு வந்த மற்றொரு ஜாஸ் கலைஞர் டியூக் எல்லிங்டனின் யாத்திரை வேறு மாதிரியானது. தில்லியில் நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த அவர், இந்தியாவின் ஞாபகமாக எழுதிய உருப்படிகளில் ஒன்று, அவருடைய சகா பில்லி ஸ்ட்ரேஹார்ன் ஹோட்டலில் கேட்ட மைனாவின் கூவலிலிருந்து பிறந்தது. அது ரம்மியமான சங்கீதம்தான். ஆனாலும் பறவையிடம் கேட்டதற்கும் வித்வானிடம் கேட்டதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

இன்று சென்னையில் ஜாஸ் வித்வான்கள் வந்துபோவது புதுமையில்லை. அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு நாள் ஒத்திகையில் ஒரு ‘கலப்பிசை’ மேடையேற்றி அனுப்பிவிடும் சபாக் காரியதரிசிகளுக்கு ஒரு விண்ணப்பம்: வருகிறவரை மேடைக்கு அழைப்பதற்கு முன்னால், மிருதங்கமோ தவிலோ சொல்லிக்கொடுக்கும் ஒரு வித்வான் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து தாளம் போட வையுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ‘கல்கத்தா ப்ளூஸ்’ எளிதில் கிடைக்கிறது. பழனியாரின் தனி ஆவர்த்தனங்களும் பழைய கச்சேரிப் பதிவுகளில் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே மாலையில், பழனியாரை முதலில் வைத்துக் கேளுங்கள்.