துயில் நீத்த மனம்

நெடிய முயற்சிகளில் மனிதனின் ஆற்றலை அளக்கப் புகுவோர் தசையின் வலிமையையும் மூச்சின் நீட்சியையுமே பெரிதும் நோக்குவர். ஆயின் துயிலிழந்த மனம் பலவேளைகளில் உடலுக்கு முன்னரே தளர்ந்துவிடுகின்றது.

ஆழிக்குமரன் எனப் போற்றப்பட்ட வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன் 1971ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, மீண்டும் தலைமன்னாரை அடைய 51 மணி நேரம் சென்றது. 1979ஆம் ஆண்டிலே கொழும்பில் 187 மணி நேரத்துக்கு மேலாக அவர் துவிச்சக்கரவண்டி ஓட்டினார். இத்தகைய அருஞ்செயல்களில் மனம் எதிர்கொள்ளும் பகை யாது?

விழித்திருக்குந்தோறும் மூளையிலே அடினோசின் என்னும் பொருள் திரள்கின்றது; உறக்கமே அதனைக் குறைக்கின்றது. தேநீர் அதன் செயலைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றி உறக்கக் கடனைத் தீர்க்காது. கடன் மிகுந்தவிடத்துக் கண் திறந்திருக்கவும் மூளை சில வினாடிகள் உறங்கிவிடும். இதனை நுண்துயில் என்பர்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ராண்டி கார்ட்னர் என்னும் 17 வயது மாணவர், 1964 சனவரியில் நிறைவுற்ற சோதனையிலே 264 மணி நேரம் விழித்திருந்தார். நான்காம் நாளிலே தெருப்பலகையை மனிதனென மயங்கினார். இறுதி நாளில் 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கும்படி பணித்தபோது 65இல் நின்றுவிட்டார். செய்துகொண்டிருந்தது யாதென்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

இதனினும் சிந்திக்கத்தக்கது, 2003இல் வெளியான பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வு. இரண்டு கிழமை நாள்தோறும் ஆறு மணி நேரமே படுக்கையிற் கழித்தோரின் கவனம், இரண்டு இரவுவரை முற்றாக விழித்தோரின் கவனத்தளவுக்குக் குறைந்தது. எனினும் அவர்கள் தம் குறையைப் பெரிதும் உணர்ந்திலர். அளக்கவேண்டிய கருவியே பழுதுற்றபின், பழுதினை எதனால் அளப்பது?

இவ்வுண்மை சாதனையாளர்க்கு மட்டும் உரியதன்று. வன்னிப் பெருநிலப்பரப்பிலே காலபோக நெல் முற்றும் நாள்களில், யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிக் கமக்காரர் பரணில் இரவெல்லாம் காவலிருப்பர். பகலிலோ வயல் அவர்களை அழைக்கும். கைதட்டுவாரின்றி, இரவுதோறும் தொடரும் அருஞ்செயல் இது. காவலர்க்கு இருளில் நிற்பது மரமா யானையா என்று பிரித்தறிய வேண்டிய கணத்திலே நுண்துயில் வந்தால், இழப்பு நெல்லோடு நில்லாது. கண்டி வீதியிலே நள்ளிரவிற் பாரவூர்தி செலுத்துவோர்க்கும் இடர் இதுவே.

ஆதலால், "எனக்கு உறக்கமில்லை" என்று துயிலிழந்தவன் கூறுவதைச் சான்றாகக் கொள்ளலாகாது. முறைவைத்துக் காவலிருத்தலும், இடையிடையே சிறிது துயிலுதலும், அருகிருப்பவன் சொற்கேட்டு ஓய்தலுமே தக்க வழிகளாம். விழித்திருத்தல் வேறு, விழிப்பாயிருத்தல் வேறு.